வழியில் இருக்கும் கேமரா: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பழைய ஃபிலிம் கேமராக்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கட்டத்தைப் பற்றியவை: பணம் கட்டியாயிற்று, பார்சல் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த இடைக்காலத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் கோடாக் ரெட்டினா 2-சி மடக்கு கேமரா ஒன்றை வாங்கிவிட்டு 12 நாட்களாகக் காத்திருக்கிறேன். பார்சல் எங்கே வருகிறது என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது பார்த்துவிடுகிறேன். கடந்த 5 நாட்களாக ‘சுங்கச் சோதனையில் உள்ளது’ என்ற ஒரே வரிதான் தெரிகிறது. வீட்டிலுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். இந்த வயதில் இவ்வளவு தவிப்பு முறைதானா ஐயா?

பதில்: முறைதான். பார்சல் வரவேண்டிய நாளில் தெருவில் கேட்கும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்துபோய் வாசலைப் பார்த்தவன் நான் என்பதால், உங்கள் தவிப்பை வயதோடு சேர்த்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1987இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனத்துக்குப் பிடித்த திரை நட்சத்திரத்திடமிருந்து ஒரு முத்தம் பெற எவ்வளவு பணம் தருவீர்கள் என்று மாணவர்களிடம் கேட்டிருந்தார். அவர்கள் உடனே கிடைக்கும் முத்தத்தைவிட, மூன்று நாள் கழித்துக் கிடைக்கும் முத்தத்துக்கே கூடுதலாகத் தர முன்வந்தார்கள். வரப்போகும் நல்லதை முன்கூட்டியே நினைத்து நினைத்துச் சுவைக்கும் அந்த நாட்களுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்பதை அவர்களுடைய விடை காட்டியது. உங்களுடைய 12 நாட்களையும் நான் அந்தக் கணக்கிலேயே வைக்கிறேன்.

ஒளிப்படக்கலைக்கும் தபாலுக்கும் உள்ள உறவும் நேற்று உண்டானதன்று. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் கோடாக் கேமரா, 100 படங்களுக்கான சுருள் ஏற்றப்பட்ட நிலையிலேயே வாங்குபவர் கைக்கு வந்தது. நூறு படங்களும் எடுத்து முடிந்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகரத்திலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளையும் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் கேமரா வைத்துப் படமெடுக்கத் தொடங்கிய அந்தத் தலைமுறையினர், எடுத்த படங்களுக்காகவும் எடுத்த கருவிக்காகவும் ஒருசேர வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர்கள்.

சுங்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பார்சலின் நிலையைக் காட்டும் பக்கத்தில் தெரியும் ஒவ்வொரு குறிப்பும், பெரும்பாலும் பார்சலின் மேலுள்ள பார்கோடைக் கருவியால் படித்த நேரத்தில்தான் பதிவாகிறது. ஐந்து நாட்களாகக் குறிப்பு மாறவில்லை என்றால், ஐந்து நாட்களாக எவரும் அந்தப் பார்கோடைப் படிக்கவில்லை என்பதே பெரும்பாலும் பொருளாகுமே தவிர, பார்சல் தொலைந்துவிட்டது என்பதன்று. காலையில் ஒரு முறை பார்த்துவிட்டு, மீதி நேரத்தைக் கேமராவின் கையேட்டுக்குக் கொடுங்கள்.

கையேட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், நீங்கள் வாங்கியிருப்பது ரெட்டினா என்பதுதான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் 1954 முதல் 1957 வரை செய்யப்பட்ட 2-சி, மிக நேர்த்தியான, ஆனால் தனக்கென்று சில வழக்கங்களை வைத்திருக்கும் கேமரா. அதன் ஃபிலிம் நகர்த்தும் லெவர் மேல்பக்கத்தில் இல்லை, அடிப்பக்கத்தில் இருக்கிறது. படங்களின் எண்ணிக்கையைக் காட்டும் சக்கரம் ஏறுவரிசையில் ஓடாமல் இறங்குவரிசையில் ஓடி, முடிவுக்கு வந்ததும் லெவரைப் பூட்டிவிடுகிறது. இது தெரியாதவர்கள் பெட்டியைத் திறந்து, லெவரை இழுத்து, அது நகராததைக் கண்டு, ஏமாற்றப்பட்டோம் என்று விற்பனையாளருக்குக் கோபமாக எழுதுகிறார்கள். இன்னும் பலத்தோடு இழுத்து, நன்றாக இருந்ததை உண்மையாகவே உடைத்துவிடுகிறவர்களும் உண்டு. எண்ணிக்கைச் சக்கரத்தை மீண்டும் பெரிய எண்ணுக்கு நகர்த்திவைத்தால் போதும், லெவர் விடுபட்டுவிடும். அதேபோல் கேமராவை மடக்குமுன் லென்ஸின் தூர அளவை முடிவிலிக்குக் கொண்டுவர வேண்டும்; பிறகுதான் மேலும் கீழுமுள்ள இரண்டு பொத்தான்களையும் அழுத்தி முன்கதவை மூட வேண்டும். இவற்றைக் கேமரா கையில் இல்லாதபோதே படித்து, விரல்களால் வெற்றிடத்தில் ஒத்திகை பார்த்துவிட்டால், அது வந்து சேரும் நாளில் உங்கள் கைகள் அதை முன்பே அறிந்தவைபோல் இயங்கும்.

இன்னொரு சிறு வேலையும் இருக்கிறது. விளம்பரத்திலிருந்த படங்களையும் வருணனையையும் இப்போதே சேமித்துவைத்துக்கொள்ளுங்கள்; விற்பனை முடிந்தபின் அவை நீக்கப்பட்டுவிடலாம். காத்திருக்கும் காலத்தில் நம் மனம் அந்தக் கேமராவை நாளுக்கு நாள் துடைத்துப் பளபளப்பாக்கிவிடுகிறது. மூலையிலிருந்த கீறல் மறந்துபோகிறது. வருவதை நம் கற்பனையோடு ஒப்பிடாமல், விற்றவர் காட்டியதோடு ஒப்பிடுவதே நியாயம். அதற்கு அந்தப் படங்கள் வேண்டும்.

கேள்வி: கோடாக் மெடலிஸ்ட் கேமரா ஒன்று எனக்காக வந்துகொண்டிருக்கிறது. அது வருவதற்குள் ஃபிலிம் வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறேன். எதை வாங்க வேண்டும்? அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பதை அறிய வழியுண்டா?

பதில்: நல்ல வேளையாக, வருவதற்கு முன்பே கேட்டீர்கள். மெடலிஸ்ட் 620 வகை ஃபிலிமுக்காகச் செய்யப்பட்டது. கோடாக் அந்த வகையை 1995இல் நிறுத்திவிட்டது. ஆனால் 620க்கும், 1901 முதல் இன்றுவரை விற்பனையில் இருக்கும் 120க்கும் ஃபிலிமின் அகலம் ஒன்றே. வேறுபாடு அதைச் சுற்றியிருக்கும் உருளையில்தான். 620இன் உருளைத் தண்டு மெல்லியது, ஓரத் தட்டுகளும் சிறியவை. ஆகவே 120 ஃபிலிமை வாங்கி, முழு இருட்டில் 620 உருளைக்கு மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். இதற்கு உங்களுக்கு இரண்டு காலி 620 உருளைகள் வேண்டும்: ஒன்று ஃபிலிமைச் சுற்றுவதற்கு, மற்றொன்று கேமராவுக்குள் மறுபக்கத்தில் ஃபிலிமை வாங்கிக்கொள்வதற்கு. விற்பனையாளருக்கு இன்றே எழுதி, கேமராவுக்குள் ஓர் உருளையாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைத் தனியே தேடி வாங்குவதற்கு இந்தக் காத்திருப்பு நாட்கள் பயன்படும். கேமரா வந்தபின் ஓர் உருளைக்காக மறுபடியும் காத்திருப்பது தாங்க முடியாதது. மாற்றிச் சுற்றுவதைப் பயன்படாத பழைய ஃபிலிம் ஒன்றை வைத்து, முதலில் வெளிச்சத்திலும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பழகுங்கள்.

ஆண்டைப் பொறுத்தவரை, லென்ஸின் முன்வளையத்தில் உள்ள எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவா என்று விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடாக் நிறுவனம் அமெரிக்காவில் செய்த லென்ஸ்களில், ‘கேமரோசிட்டி’ (CAMEROSITY) என்ற பத்து எழுத்து ஆங்கிலச் சொல்லைச் சங்கேதமாக வைத்திருந்தது: சி என்றால் 1, ஏ என்றால் 2, எம் 3, ஈ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, கடைசி எழுத்தான ஒய் 0. உங்கள் லென்ஸில் ‘ஈ, ஏ’ என்று இருந்தால் அது 1942இல் செய்யப்பட்டது, ‘ஈ, ஓ’ என்று இருந்தால் 1946இல் செய்யப்பட்டது. அந்த இரண்டு எழுத்துகளை முதன்முதலாகப் படித்தறிந்தபோது, இன்னும் கைக்கு வராத ஒரு பொருளின் பிறந்த ஆண்டைத் தெரிந்துகொண்ட மகிழ்ச்சியில் அன்று முழுவதும் இருந்தேன்.

கேள்வி: ‘சோதிக்கப்படவில்லை’ என்று விற்பனையாளர் தெளிவாக எழுதியிருந்தும் ஆசையில் வாங்கிவிட்டேன். இப்போது தூக்கம் வரவில்லை. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்?

பதில்: சிலருக்கு அது நேர்மையான சொல். இறந்துபோன உறவினரின் அலமாரியைக் காலிசெய்கிறவர்கள் ஷட்டரை எப்படி அழுத்துவது என்றுகூட அறிந்திருக்க மாட்டார்கள். வேறு சிலர், சோதித்துப் பார்த்து, வேலை செய்யாததைக் கண்டபின் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள். உங்கள் விற்பனையாளருடைய மற்ற விளம்பரங்களைப் பாருங்கள்: பத்துக் கேமராக்களுக்கு ‘நன்றாக இயங்குகிறது’ என்று எழுதி, உங்களுடையதற்கு மட்டும் ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தால், பழுதானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனி வாங்கும்போதும், இயங்காத கேமராவுக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்குமேல் அந்தச் சொல்லுக்குக் கொடுக்காதீர்கள்.

பழுதாக இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த கேமராவில் பெரும்பாலும் காணப்படும் குறைகள் சிலவே. உள்ளே இட்ட எண்ணெயும் கிரீஸும் காய்ந்துபோய், 1 நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களில் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவு, திணறி நின்றுவிடும். பின்கதவின் ஓரத்தில் ஒளி புகாமலிருக்க ஒட்டிய நுரைப்பட்டை, தொட்டால் விரலில் ஒட்டும் கரிய பிசினாக மாறியிருக்கும். இதைச் சுரண்டி எடுத்துப் புதியதை ஒட்டுவது பொறுமையுள்ள எவராலும் முடியும். மெதுவான வேகங்களைச் சரிசெய்வதைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

பார்சல் இன்னும் புறப்படவில்லை என்றால் மட்டும் ஒன்று செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, லென்ஸுக்கு மூடி போட்டு, கேமராவைக் குமிழித்தாளில் சுற்றி ஒரு பெட்டியிலும், அதை இடைவெளி நிரப்பிய இன்னொரு பெட்டியிலும் வைத்து அனுப்பும்படி விற்பனையாளரைப் பணிவாகக் கேளுங்கள். எனக்கு ஒருமுறை வந்த மிக அழகான கேமரா, ஒற்றைத் தாள் உறைக்குள் உருண்டு உருண்டு, முகப்புக் கண்ணாடி உடைந்து வந்து சேர்ந்தது. கேட்டிருந்தால் அவர் செய்திருப்பார், நான் கேட்கவில்லை.

கேள்வி: முதல் கேமரா வருவதற்குள் இரண்டாவதையும் மூன்றாவதையும் வாங்கிவிட்டேன். இது தவறா?

பதில்: தவறென்று சொல்ல நான் யார்? ஆனால் முதல் கேமராவில் ஒரு ரோல் எடுத்து, அதன் நெகட்டிவைக் கண்ணால் பார்க்கும்வரை நான்காவதை வாங்காதீர்கள். அதுவரை அவை மூன்றும் உங்களுக்குப் பார்சல்கள் மட்டுமே.

கேள்வி: இன்று காலைதான் பெட்டி வந்தது. கடும் குளிர், பெட்டியே ஐஸ்போல் சில்லிட்டிருக்கிறது. திறக்கத் துடிக்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: திறக்காதீர்கள். இந்த இதழ் அச்சாகி வருவதற்குள் நீங்கள் திறந்திருப்பீர்கள் என்பதால் உடனே கடிதமும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். குளிர்ந்த உலோகமும் கண்ணாடியும் அறையின் வெப்பமான காற்றைத் தொட்டவுடன், அந்தக் காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மேல் நீர்த்துளிகளாகப் படியும். லென்ஸுக்குள்ளும் ஷட்டர் தகடுகளுக்கிடையிலும் அது படிந்தால் துடைக்க முடியாது. பெட்டியை அதன் உறையோடு அப்படியே அறையில் வைத்து, உள்ளேயிருப்பதும் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை, அதாவது பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, விட்டுவிடுங்கள். இவ்வளவு நாள் காத்திருந்தபின் இந்த ஓர் இரவுதான் மிகக் கடினமானது என்பது எனக்குத் தெரியும்.

திறக்கும்போது, கைப்பேசியில் தொடர்ச்சியாக வீடியோ எடுத்துக்கொண்டே திறங்கள். வழியில் சேதமாகியிருந்தால் அதுவே உங்களுக்குச் சான்று.

கேமரா கைக்கு வந்ததும் எல்லோருக்கும் தோன்றும் முதல் ஆசை பின்கதவைத் திறப்பது. அதற்குமுன் 35 மி.மீ. கேமராவாக இருந்தால், ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றுகொண்டே இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை. சிறிது சுழன்று இறுக்கமாக நின்றால், உள்ளே யாரோ விட்டுவிட்டுப் போன ஃபிலிம் இருக்கிறது. கதவைத் திறக்காமல், அதை முழுவதும் திருப்பிச் சுற்றி எடுத்து, பழைய ஃபிலிம்களைக் கழுவுவதில் தேர்ந்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஃபிலிமில் விழுந்த ஒளியின் தடம், கழுவப்படாமலேயே நெடுங்காலம் தங்கியிருக்கக்கூடியது. 1897இல் பலூனில் வடதுருவம் நோக்கிப் புறப்பட்ட ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரே குழுவினர் திரும்பவே இல்லை. அவர்களுடைய ஃபிலிம்கள் 1930இல், ‘வெண் தீவு’ எனப்படும் பனித்தீவில், 33 ஆண்டுகள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றைக் கழுவியபோது, பனிப்பரப்பில் சரிந்து கிடக்கும் பலூனும் அதனருகே நிற்கும் மனிதர்களும் தெரிந்தார்கள். உங்கள் கேமராவுக்குள் ஒரு குடும்பத்தின் பிற்பகல் இருக்கலாம். அதை ஒரு நொடி அவசரத்தில் அழித்துவிட வேண்டாம். கண்டெடுத்தது கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிம் என்றால், அதற்குரிய வண்ணக் கழுவல் 2010ஆம் ஆண்டோடு உலகிலேயே நின்றுவிட்டது. இன்று அதைக் கறுப்பு வெள்ளையாகத்தான் கழுவ முடியும்.

இரண்டாவதாக, செல்ஃப் டைமர் லெவரைத் தொடாதீர்கள். பழைய ஷட்டர்களில் முதலில் காய்ந்து இறுகும் பகுதிகளில் அதுவும் ஒன்று. என் முதல் பழைய கேமரா வந்த அன்று, எல்லா வேகங்களும் சரியாக இயங்குவதைக் கண்ட மகிழ்ச்சியில் அந்த லெவரையும் இழுத்தேன். அது பாதி வழியில் நின்று, ஷட்டரையும் தன்னோடு பிடித்துக்கொண்டது. நன்றாக இருந்த கேமரா என் கையில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. அதன்பின் இரண்டு மாதம் பழுதுபார்ப்பவரிடம் கிடந்தது.

மூன்றாவதாக, சோவியத் நாட்டின் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களை வாங்கியவர்கள், ஃபிலிம் குமிழைச் சுற்றி ஷட்டரை ஆயத்தம் செய்த பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். முன்பே மாற்றினால் உள்ளமைப்பு பழுதாகலாம்.

கேள்வி: பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் கேமராவும் 50 மி.மீ. எஃப் 1.4 சூப்பர் டாக்குமார் லென்ஸும் வந்துவிட்டன. கேமரா நன்றாக இருக்கிறது. ஆனால் லென்ஸ் வழியே பார்த்தால் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது. ஒரு மாதம் கனவு கண்டு காத்திருந்ததற்கு இதுவா பலன்? விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, ஆனால் அந்த மஞ்சளுக்கு விற்றவர் காரணமல்லர். அந்த லென்ஸின் ஒரு கண்ணாடியில், ஒளியை அதிகமாக வளைப்பதற்காகத் தோரியம் ஆக்சைடு சேர்க்கப்பட்டிருக்கிறது. தோரியம் மெல்லிய கதிரியக்கம் உடையது. அந்தக் கதிர்வீச்சே பல ஆண்டுகளில் கண்ணாடியைச் சிறிது சிறிதாகப் பழுப்பேற்றுகிறது. இருட்டில் நெடுங்காலம் கிடந்த லென்ஸில் இது மிகுதியாக இருக்கும். புற ஊதாக் கதிர்கள் இந்த நிறத்தைப் போக்கிவிடும் என்பது மகிழ்ச்சியான செய்தி. லென்ஸைக் கழற்றி, பின்புறம் அலுமினியத் தாளால் மூடி, அது குவிக்கும் வெயில் எதையும் எரித்துவிடாதபடி பாதுகாப்பான இடத்தில் வைத்து, அளவோடு வெயில் காட்டுங்கள். அல்லது புற ஊதா விளக்கின் கீழ் வையுங்கள். நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், மஞ்சள் வெளுத்துக்கொண்டே வரும். லென்ஸைப் பிரித்து அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ மட்டும் கூடாது.

பேட்டரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கடிதம் அதுவாகத்தான் இருக்கும். அந்தக் காலத்துக் கேமராக்களில் ஒளியை அளக்கும் மீட்டர்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பேட்டரிகள் இன்று விற்பனையில் இல்லை. ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் அளவீடு பிழையாகிவிடும். காது கேட்கும் கருவிக்கான 1.4 வோல்ட் துத்தநாகக் காற்று பேட்டரி அதற்குப் பொருந்தி வரும். உங்கள் ஸ்பாட்மேட்டிக்கின் மின்சுற்று, வோல்ட் வேறுபாடு அளவீட்டைப் பெரிதும் பாதிக்காதபடி அமைக்கப்பட்டது. ஆகவே அளவில் பொருந்தும் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியே போதும்.

லென்ஸுக்குள் சிலந்திவலைபோல் நூல் நூலாக ஏதேனும் தெரிகிறதா என்றும் சிறு விளக்கொளியில் பார்த்துவிடுங்கள். அது பூஞ்சை. விளம்பரத்தில் சொல்லப்படாமல் அது இருந்தால், அப்போது எழுதுங்கள். திருப்பி அனுப்புவதற்குரிய கெடு முடிவதற்குள் எழுதுங்கள். தொடக்க நிலையில் துடைத்து நீக்கிவிடலாம், கண்ணாடியை அரித்துவிட்டால் தடம் போகாது. எந்த லென்ஸையும் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருப்பதே அதற்கு எதிரான காப்பு.

கேள்வி: எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கேமரா வந்தது, இயங்குகிறது, முதல் ரோலையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டேன். இப்போது அந்த நெகட்டிவுக்காகக் காத்திருக்கிறேன். இந்தக் காத்திருப்பு எப்போதுதான் தீரும்?

பதில்: நீங்கள் ஃபிலிமில் படம் எடுக்கும்வரை தீராது, தீரவும் வேண்டாம். படங்கள் எடுத்த வரிசையை நினைவிலிருந்து இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எந்தப் படம், எங்கே நின்று எடுத்தது, வெயிலா நிழலா, ஷட்டர் வேகம் என்ன, லென்ஸில் ஒளி புகும் துவாரத்தின் அளவு என்ன. நல்ல வெயிலில் எஃப் 16 துவாரமும், ஃபிலிம் ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகமும் (100 என்றால் நொடியில் 125இல் ஒரு பங்கு) பொருந்தும் என்ற பழைய கணக்கோடு உங்கள் குறிப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நெகட்டிவ் வந்ததும் அந்தத் தாளை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பாருங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து கருங்கீற்று தெரிந்தால் நுரைப்பட்டை வழியே ஒளி கசிகிறது. மெதுவான வேகத்தில் எடுத்தவை மட்டும் தேவைக்குமேல் கறுத்திருந்தால் ஷட்டர் இன்னும் திணறுகிறது. இரண்டும் இல்லையென்றால் அடுத்த ரோலை ஏற்றிக்கொண்டு வெளியே புறப்படுங்கள், அந்த முதல் நெகட்டிவிலிருந்து ஒரு படத்தை அச்சிட்டு எனக்கும் அனுப்பிவையுங்கள், தபாலிலேயே அனுப்புங்கள்.